ஒரே வீட்டில் ஐந்து விடியல்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தார். கொரோனா பயம் ஒரு பக்கம் இருந்தாலும், பல வீடுகளில் அன்று இரவு ஒரு சின்ன ஆசையும் எட்டிப் பார்த்தது. இனி யாரும் ஓட வேண்டாம். பேருந்து இல்லை, ஷிஃப்ட் இல்லை, டியூஷன் இல்லை. மூன்று வேளையும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

இரண்டு வாரம் போவதற்குள் நடந்தது வேறு. பாட்டி பகல் பன்னிரண்டுக்கே சாப்பிட்டு முடித்துக் கண்ணயரும்போது, பேரன் அப்போதுதான் பல் துலக்கிவிட்டுக் காபி கேட்டு நின்றான். இரவு ஒரு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. இன்று புதனா வியாழனா என்று அப்பா காலண்டரைப் பார்த்துச் சொன்னார். வேலைக்கும் பள்ளிக்கும் ஆளுக்கொரு பக்கம் ஓடிய காலத்திலாவது இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றுகூடிய குடும்பம், 24 மணி நேரமும் ஒரே கூரைக்குள் இருந்தபோது ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிட முடியாமல் போனது ஏன்?

சோம்பேறித்தனம், செல்போன், வளர்ப்பு சரியில்லை என்று பதில்கள் அப்போதே தயாராக இருந்தன. அந்தப் பதில்களால் எத்தனையோ வீடுகளில் சண்டை மூண்டது. உடலியல் தரும் பதிலில் யார் மீதும் அவ்வளவு குற்றம் இல்லை. அந்தப் பதிலை ஒரு குகையிலிருந்து தொடங்கலாம்.

ஆகஸ்ட் 20 என்று நினைத்தவர்

1962 ஜூலையில் மிஷெல் சீஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு இளைஞர், ஆல்ப்ஸ் மலையில் ஸ்காராசோன் என்ற நிலத்தடிக் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கினார். உள்ளே கடும் குளிர், இருட்டு, ஒரு கூடாரம், வெளியே இருப்பவர்களோடு பேச ஒரு தொலைபேசி. எழுந்தாலும் சாப்பிட்டாலும் படுத்தாலும் மேலே உள்ளவர்களுக்குச் சொல்வார். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் மணி என்ன என்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

செப்டம்பர் 14 அன்று, முடிந்தது, வெளியே வாருங்கள் என்றார்கள். அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். கிட்டத்தட்ட 25 நாட்கள் அவர் நினைவிலிருந்து நழுவியிருந்தன. ஆனால் மேலே இருந்தவர்களின் குறிப்பேடு வேறொன்றைக் காட்டியது. மனம்தான் நாட்களைத் தொலைத்திருந்தது; உடல் தொலைக்கவில்லை. ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, சற்றே கூடுதலான இடைவெளியில், அவர் ஒழுங்காகத் தூங்கி எழுந்திருந்தார்.

நம் உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதை உடற்கடிகாரம் என்போம். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு திரள்தான் தலைமைக் கடிகாரம். கல்லீரல், குடல் என்று மற்ற உறுப்புகளிலும் கிளைக் கடிகாரங்கள் உண்டு. செல்லுக்குள் இது எந்த மரபணுக்களால் இயங்குகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று மிகச் சரியாக 24 மணி நேரம் அல்ல. நம்மில் பெரும்பாலானோருக்குச் சராசரியாகச் சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். வெளியிலிருந்து யாரும் திருத்தாவிட்டால் தினமும் 12 நிமிடம் பின்தங்கும். 21 நாளில் 252 நிமிடம், அதாவது நாலு மணி நேரத்துக்கு மேல். முதல் ஊரடங்கு முடிவதற்குள் பத்து மணிக்குப் படுத்தவர் இரண்டு மணிக்குப் படுப்பவராகிவிட இதுவே போதும். ஆனால் யாரும் முழு இருட்டில் இருக்கவில்லை. சன்னல் வழியே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதனால் பலருக்கு நழுவல் பாதி வழியில் நின்றது.

உடற்கடிகாரத்தைத் தினமும் திருத்தும் வெளிச் சமிக்ஞைகளை நேரக்குறிகள் என்று அழைக்கலாம். அவற்றில் முதலாவது சூரிய வெளிச்சம். அதற்கு நிகர் எதுவும் இல்லை. அடுத்து சாப்பாட்டு நேரம். அதற்கும் அடுத்து நம்மைச் சுற்றியுள்ள உயிர்கள். அந்த மூன்றாவதைப் பற்றி ஓர் அழகான ஆய்வு நடந்தது நம் மதுரைப் பக்கத்தில்.

மதுரைக் குகையில் வெளவால்கள்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் உயிரினங்களின் காலக் கணக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே குன்றுகளும் அவற்றில் வெளவால் குகைகளும் இருந்தன. அங்குள்ள பூச்சி தின்னும் சிறு வெளவால்கள் பகலெல்லாம் குகையின் ஆழத்தில் தொங்கும். மாலையில் குகை வாயில்வரை பறந்து வந்து வெளிச்சம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பும். போதிய அளவு இருட்டியதும் கூட்டமாக வெளியேறும். விடியுமுன் வீடு திரும்பிவிடும்.

சந்திரசேகரனும் ஜி.மாரிமுத்துவும் அவர்கள் குழுவினரும் ஒரு வெளவாலைப் பிடித்து, அது பறப்பதைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டோடு ஒரு கூண்டில் அடைத்து, குகையின் ஆழத்தில் வைத்தார்கள். அங்கே வெளிச்சம் எட்டிப் பார்ப்பதில்லை. வெப்பமும் ஈரமும் இரவு பகல் மாறாமல் ஒரே அளவில் இருக்கும். கூண்டு வெளவாலுக்குச் சூரியன் எப்போது மறைந்தது என்று அறிய நேரடி வழியே கிடையாது. ஆனால் சுற்றிலும் அதன் கூட்டம் இருந்தது. அந்தியில் போகும், விடியலில் வரும்.

கூண்டுக்குள் இருந்த வெளவால் நாள் தவறாமல், வெளியே போகும் கூட்டத்தின் நேரத்தை ஒட்டியே தன் பறத்தலைத் தொடங்கியது. பிறகு அதே இனத்து வெளவாலைக் கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தார்கள். அதன் கடிகாரம் 24 மணி நேரத்தை விட்டு விலகி, நாளுக்கு நாள் தன் போக்கில் நகரத் தொடங்கியது. வெளிச்சம் இரண்டு குகையிலும் இல்லை. சூழலும் மாறவில்லை. முதல் குகையில் இருந்து இரண்டாவதில் இல்லாமல் போனது சொந்தக் கூட்டத்தின் போக்குவரத்து மட்டுமே. இந்த முடிவு 1981-இல் வெளியானது.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வெளவாலை அதே கூட்டத்துக்கு நடுவே கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சுற்றிலும் அதே சிறகொலி, அதே போக்குவரத்து. அதன் கடிகாரமோ கூட்டத்தைப் பின்பற்றவில்லை. அந்நியரின் வருகையும் புறப்பாடும் அதற்கு நேரக்குறியாக ஆகவில்லை.

சந்திரசேகரன் மதுரையில் மனிதர்களுக்காகவும் சன்னலில்லாத ஒரு தனியறை ஏற்பாடு செய்திருந்தார். தன்னார்வலர்கள் கடிகாரமின்றி அதில் தங்கினார்கள். அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் தூக்க விழிப்புச் சுழற்சி 24 மணி நேரத்திலிருந்து விலகியது. மாதவிடாய்ச் சுழற்சி அதோடு இழுபடவில்லை, தன் கணக்கிலேயே நடந்தது. ஓர் உடலுக்குள்ளேயே எல்லாக் கணக்குகளும் ஒரே கடிகாரத்தைக் கேட்பதில்லை.

வெளவாலுக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. மனிதரில் வெளிச்சம்தான் வலுவான நேரக்குறி. மற்றவர்கள் நம் கடிகாரத்தைத் திருத்துவது பெரும்பாலும் சுற்று வழியில்: யாரோ நம்மை எழுப்புகிறார்கள், அதனால் வெளிச்சத்தைப் பார்க்கிறோம், யாரோ தட்டைப் போடுகிறார்கள், அதனால் அந்த நேரத்தில் சாப்பிடுகிறோம். சுற்று வழி என்பதால் அதன் பலன் குறைந்துவிடுவதில்லை.

அறுந்த நேரக்குறிகள்

ஊரடங்குக்கு முன் ஒரு சென்னைப் புறநகர் வீட்டில் நேரத்தைச் சொன்னவை எவை? விடியலில் புறநகர் ரயிலின் ஓசை, தெருமுனை டீக்கடையின் பாய்லர் சத்தம், ஏழரைக்கு ஸ்கூல் வேனின் ஹாரன், எட்டரைக்கு அப்பாவின் வண்டி உதைபடும் சத்தம், இரவில் சீரியலின் பாட்டு. 2020 மார்ச்சின் கடைசி வாரத்தில் ரயில் நின்றது. பள்ளியும் டீக்கடையும் மூடின. படப்பிடிப்பு நின்றதால் சீரியலும் நின்று, பழையவை மறுஒளிபரப்பாக ஓடின. ஞாயிறுக்கும் திங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது இதனால்தான்.

எல்லா வீடும் அப்படி இல்லை. தூய்மைப் பணியாளர், செவிலியர், காவலர், பால் வண்டி ஓட்டுநர் வீடுகளில் காலை நாலு மணி நாலு மணியாகவே இருந்தது.

வெளிச்சக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தெளிவான நண்பகலில் திறந்தவெளியின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நிழலில் நின்றாலும் பத்தாயிரம் கிடைக்கலாம். டியூப்லைட் எரியும் நம் கூடத்தில் நூறோ இருநூறோதான். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் கால்கடுக்க நின்ற பத்து நிமிடம் நமக்கு எரிச்சலாக இருந்திருக்கலாம். உடற்கடிகாரத்துக்கு அதுதான் அன்றைய திருத்தம்.

அம்பத்தூரில் ஒரு குடும்பம்

கணக்குப் போட ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். அம்பத்தூரில் இரண்டு படுக்கையறை வீடு. பாட்டிக்கு 70 வயது. அப்பா தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மகன் 19 வயது, பொறியியல் படிக்கிறான். மகள் மூன்றாம் வகுப்பு.

மகனிலிருந்து தொடங்குவோம். கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க அவன் ஆறு மணிக்கு எழுந்தான். தூக்கம் வந்ததோ நள்ளிரவில்தான். ஆறு மணி நேரத் தூக்கம், அதன் நடுப்புள்ளி அதிகாலை மூன்று. விடுமுறை நாளில் ஒன்றரைக்குப் படுத்து ஒன்பதரைக்கு எழுவான், நடுப்புள்ளி ஐந்தரை. இரண்டுக்கும் இடையே இரண்டரை மணி நேரம். இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் அளந்து பார்ப்பதுண்டு. நாம் அதை நேரப் பிணக்கு என்று சொல்லிக்கொள்வோம். சென்னைக்கும் ரியாத்துக்கும் உள்ள நேர வித்தியாசமும் இதே இரண்டரை மணிதான். அவன் உடல் ரியாத் நேரத்தில் இருந்துகொண்டு, வாரத்தில் ஐந்து நாள் சென்னை நேரத்துக்கு வகுப்பில் உட்கார்ந்தது.

இது அவன் தேர்ந்தெடுத்ததும் அல்ல. பூப்பெய்தும் பருவத்திலிருந்து உடற்கடிகாரம் பின்னோக்கி நகரும். இருபது வயதையொட்டி அந்தத் தாமதம் உச்சத்துக்குப் போகும். அதன் பிறகு மெல்ல மெல்ல முன்னோக்கி வரும். அதனால்தான் பாட்டி நாலு மணிக்கு எழுந்து, இரவு ஒன்பதுக்குக் கண் சொக்குகிறார். குடும்பத்திலேயே மிகத் தாமதமான கடிகாரமும் மிக முந்திய கடிகாரமும் ஒரே கூடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன.

ஊரடங்கு வந்தது. பேருந்து இல்லை. மகன் தன் உடலின் நேரத்துக்குப் போனான்: இரண்டுக்குப் படுக்கை, பத்துக்கு விழிப்பு. அவன் அறைச் சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. காலை வெளிச்சம் இல்லை. இரவில் முகத்துக்கு அருகே செல்போன் வெளிச்சம். இரண்டும் ஒரே திசையில் தள்ள, மூன்றாவது வாரம் மூன்று மணி, பதினொரு மணி என்று ஆனது.

"ஏன்டா, மணி பதினொண்ணு ஆச்சு, இன்னும் பல்லு வெளக்கலையா?"

"இப்பத்தான் பாட்டி எந்திரிச்சேன்."

"நான் எந்திரிச்சு ஏழு மணி நேரம் ஆச்சுடா!"

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. மகன் இப்போது எட்டு மணி நேரம் தூங்குகிறான். நேரப் பிணக்கு ஏறக்குறைய இல்லை. பள்ளி நாட்களுக்குப் பிறகு அவன் உடலுக்குப் போதிய ஓய்வு கிடைத்தது அநேகமாக இப்போதுதான். வீட்டின் கண்ணுக்கு அவன் கெட்டுப்போனதாகத் தெரிந்த அதே நாட்களில், உடலளவில் அவன் முன்னைவிட நன்றாக இருந்தான்.

2020-இல் வெளியான ஆய்வுகளும் இதையே காட்டின. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 139 மாணவர்களை ஊரடங்குக்கு முன்னும் ஊரடங்கின்போதும் ஒப்பிட்டபோது, வார நாட்களில் தூக்க நேரம் சுமார் அரை மணி கூடியிருந்தது. தூங்கும் வேளை சுமார் 50 நிமிடம் தள்ளிப்போயிருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து கிறிஸ்டின் புளூமே குழுவினர் மூன்று ஐரோப்பிய நாடுகளில் 435 பேரிடம் கேட்டதில், தூக்கம் கூடியிருந்தது, நேரப் பிணக்கு குறைந்திருந்தது. ஆனால் தூக்கத்தின் தரம் சற்றே தாழ்ந்திருந்தது. நிலைமை பெரும் பாரமாக இருப்பதாகச் சொன்னவர்களுக்குத் தரமும் குறைவு. அம்பத்தூர் அப்பா அந்த வகை. பட்டறை மூடியிருக்கிறது, சம்பளம் பாதியா முழுசா தெரியாது. பத்து மணிக்கே படுத்தாலும் மூன்று மணிக்கு விழித்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவரது தூக்கத்தை எந்த வெளிச்சமும் சரிசெய்யாது.

அடுப்பு அணையாத நாள்

இப்போது அம்மா. பாட்டியின் காபிக்கு நாலரை மணிக்கு அடுப்பு எரிகிறது. ஏழரைக்குப் பாட்டிக்கும் மகளுக்கும் இட்லி. ஒன்பதுக்கு அப்பாவுக்குத் தோசை. பதினொன்றரைக்கு மகனுக்கு மறுபடி கல் காய்கிறது. பன்னிரண்டுக்குப் பாட்டிக்குச் சோறு. இரண்டு மணிக்கு மற்றவர்களுக்கு. நாலரைக்கு மகனின் மதியச் சாப்பாடு, அதோடு எல்லாருக்கும் டீ. ஏழு, ஒன்பது, பத்தரை என்று இரவுச் சாப்பாடு மூன்று தவணை. பாத்திரம் கழுவி முடிக்கப் பதினொன்றரை. படுத்து நாலரை மணி நேரத்தில் பாட்டியின் அறையில் விளக்கு எரியும்.

வீட்டில் மற்ற எல்லாருடைய உடற்கடிகாரமும் தன் இயல்பான இடத்தைத் தேடிப் போனது. அம்மாவுடையதை மட்டும் முன்னும் பின்னும் இரண்டு முனையிலும் இழுத்தார்கள். ஊரடங்கு தூக்கத்தைக் கூட்டியது என்ற சராசரிக்குள் இவரும் அடங்கிப்போவதுதான் எனக்கு வருத்தம் தருவது. ஊரடங்குக்கு முந்தைய ஆண்டு, 2019-இல், நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலேயே, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஐந்து கடிகாரம் ஐந்து திசையில் ஓடினால் கூடுதல் நிமிடங்கள் எந்தக் கணக்கில் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே நேரத்தை ஒழுங்குபடுத்துவதை மகனைத் திருத்தும் வேலையாகப் பார்க்காமல், அம்மாவுக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தை மீட்கும் வேலையாகப் பார்ப்பதே நியாயம்.

மொட்டை மாடி வைத்தியம்

வெளிச்சம் எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்து உடற்கடிகாரம் எதிரெதிர்த் திசையில் நகரும். விழித்தவுடன் படும் காலை வெளிச்சம் அதை முன்னோக்கி இழுக்கும். அன்று இரவு சற்று முன்னதாகத் தூக்கம் வரும். மாலையிலும் இரவிலும் படும் வெளிச்சம் பின்னோக்கித் தள்ளும். ஒரே மருந்து, குடிக்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டு விதமாக வேலை செய்கிறது.

அம்பத்தூர் வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு. மகன் எழுந்த அரை மணிக்குள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போக வேண்டும். இருபது முப்பது நிமிடம் திறந்தவெளியில். எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி முன்னே கொண்டுவர வேண்டும். நேராக ஆறு மணிக்கு எழுப்பித் தண்ணீர் தெளிப்பதால் பயனில்லை. ஆழ்ந்த இரவு நடந்துகொண்டிருக்கும் உடலுக்கு அப்போது காட்டும் வெளிச்சம் கடிகாரத்தை எதிர்த் திசையில்கூடத் தள்ளக்கூடும். இரவு பத்துக்கு மேல் அறையில் பெரிய விளக்கு வேண்டாம். செல்போன் கூடத்து அலமாரியில்.

பாட்டிக்கு நேர் எதிர். அவர் மாடிக்குப் போக வேண்டியது மாலை ஐந்தரைக்கு. வெயில் தாழ்ந்த பிறகும் இருக்கும் அந்த வெளிச்சம் அவர் கண் சொக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். ஒன்பது மணி ஒன்பதே முக்கால் ஆனால், நாலு மணி விழிப்பும் மெல்ல ஐந்தை நோக்கி நகரலாம். முதல் காபியைப் பிளாஸ்கில் முந்தைய இரவே போட்டு வைத்துவிடலாம் என்பதற்கு அறிவியலும் தேவையில்லை.

பிறகு சாப்பாடு. கல்லீரலின் கிளைக் கடிகாரம் தலைமைக் கடிகாரத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தையே அதிகம் கேட்கிறது. நள்ளிரவு ஒரு மணிக்கு நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டால், மூளை இரவு என்று சொல்லும் நேரத்தில் வயிறு பகல் என்று எழுந்து உட்காரும். மூன்று வேளையையும் ஒன்றாக்கப் பார்த்தால் இந்த வீட்டில் எதுவும் நடக்காது. ஒரு வேளையை மட்டும் கட்டிப்போடலாம். எல்லாரும் விழித்திருக்கும் வேளையாக, பகல் ஒன்றரை மணிச் சாப்பாடு. பாட்டிக்கு அது தாமதம். பதினொன்றரைக்கு ஒரு டம்ளர் மோர். மகனுக்கு அது சீக்கிரம். எழுந்ததும் தோசை கிடையாது, ஒரு வாழைப்பழம். மற்ற வேளைகளில் தாமதமாக வருபவர் தானே சூடாக்கிச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்க வேண்டும். பத்து அடுப்பு வேளை ஐந்தாகக் குறையும்.

நவம்பர் 1

மகள் கதை மட்டும் பாக்கி. மூன்றாம் வகுப்பில் வீட்டுக்கு வந்தவள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழகப் பள்ளிகள் திறந்த 2021 நவம்பர் 1 அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவள் எழுந்தது எட்டரைக்கு. பள்ளிக்கு ஆறரை மணிக்கு எழ வேண்டும். நம் உடற்கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்பதால், பின்தங்குவது அதற்கு எளிது, முந்துவதுதான் சிரமம். இரண்டு மணி நேரத்தை இரண்டு நாளுக்குக் கால் மணி வீதம் முன்னே கொண்டுவர 16 நாள் ஆகும். அக்டோபர் நடுவிலேயே தொடங்கியிருந்தால் திங்கட்கிழமை அவள் அழாமல் எழுந்திருப்பாள்.

தொடங்கியவர்களுக்கும் சோதனை வந்தது. வியாழக்கிழமை தீபாவளி, எண்ணெய்க் குளியலுக்கு இருட்டோடு எழுந்தது நல்லதுதான். ஆனால் அந்த வார இறுதியில் சென்னையில் பெருமழை பிடித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வானம் மூடிக் கிடந்து காலை வெளிச்சம் குறைந்தது, வேன் வரவில்லை, மாடிக்குப் போக முடியவில்லை. மூன்று நாளில் எழும் நேரம் ஏழேகாலுக்கு நழுவியிருந்தால் ஆச்சரியமில்லை. மழை விட்டதும் அந்த முக்கால் மணியை மறுபடி கால் மணி கால் மணியாக, ஆறு நாளில் மீட்க வேண்டியிருந்தது.